கிளுவைக் காலம்: மிசிசிப்பி ஆற்றங்கரை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 17, சனி

கிளுவைப் பருவம் தொடங்க இன்னும் 2 வாரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செப்டம்பர் 1 முதல் 9 வரை கிளுவை என்னும் சிறு வாத்துகளை மட்டும் சுட அனுமதி உண்டு. மற்ற வாத்துகளுக்கான பருவம் செப்டம்பர்க் கடைசியில்தான் தொடங்கும். நீலச்சிறகுக் கிளுவை குளிருக்கு அஞ்சும் பறவையாதலால், மற்றவை ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் அது தெற்கே புறப்பட்டுவிடுகிறது. அதற்காகவே இந்த ஒன்பது நாள்.

இந்த ஆண்டு எனக்குப் பதற்றம் துப்பாக்கியைப் பற்றியதன்று, பென்னைப் பற்றியது. பென் பதினான்கு மாத வயதுடைய மஞ்சள் லாப்ரடார் நாய். இதுவே அவனுடைய முதல் பருவம். இன்று காலை ஆறு மணிக்கே லா கிராஸ் நகருக்குத் தெற்கே உள்ள ஆற்றின் தேங்குநீர்ப் பகுதி ஒன்றில் கித்தான் பொம்மைகளை எறிந்து பழக்கினேன். கண்ணெதிரே விழுந்ததை நினைவில் வைத்து நேராக நீந்திச் சென்று எடுத்து வருகிறான். காணாத பொருளை விசிலுக்கும் கைச்சைகைக்கும் கட்டுப்பட்டுத் தேடச் சொன்னால், பாதி வழியில் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். ஒரு நீண்ட விசில் ஊதினால் நின்று பார்க்க வேண்டும் என்பது தரையில் அவனுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில் இறங்கினால் அந்த அறிவு எங்கோ கரைந்துவிடுகிறது.

எட்டு மணிக்குள் நிறுத்திவிட்டேன். நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. இரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நீருக்கென்று அமைந்த அந்த இரட்டை மயிர்ப்போர்வை ஆகஸ்ட் வெயிலில் கம்பளியைப் போலாகிவிடும். ஆட்டம் பிடித்துவிட்டால் மயங்கி விழும்வரை ஓடுகின்ற இனம் இது என்பதால், நிறுத்த வேண்டியது நான்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவரின் தட்டைப் படகில் இடம் பார்க்கப் போனோம். எனக்கு இந்த வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1973க்குப் பிறகு பிறந்த நான் விஸ்கான்சின் சட்டப்படி வேட்டைக் கல்வி வகுப்பில் தேறித்தான் உரிமம் வாங்கினேன் என்றாலும், எது எங்கே தின்னும், எப்போது கிளம்பும் என்பதையெல்லாம் அவருடைய படகில்தான் படித்தேன். அவருடைய மாலி, கறுப்பு லாப்ரடார்ப் பெண் நாய், பதினொரு வயது, இடுப்பு வலியோடு படகின் முன்புறத்தில் வீற்றிருந்தாள். அவள் வீற்றிருப்பதைப் பார்த்தால் படகு யாருடையது என்ற ஐயம் எழாது.

நாங்கள் வேட்டையாடும் பகுதி, 1924ல் அமைக்கப்பட்ட மேல் மிசிசிப்பிக் காட்டுயிர்ப் புகலிடத்துக்குள் வருகிறது. மினசோட்டாவின் வபாஷாவில் தொடங்கி இல்லினாயின் ராக் ஐலண்டுவரை 261 மைல் நீளத்துக்கு ஆற்றையும் சதுப்பையும் சேர்த்துக் காக்கும் நிலம் அது. புகலிடம் என்று பெயர் வைத்துவிட்டு அதற்குள்ளே வேட்டையை அனுமதிப்பது முதலில் எனக்குப் புரியவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பறவை வேட்டை என்றாலே குற்றம் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவன் நான். இங்கே ஒவ்வோர் ஆண்டும் நான் வாங்கும் 25 டாலர் வாத்து ஸ்டாம்பின் (வேட்டை அனுமதி வில்லையின்) பணம் சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. 1934 முதல் அப்படித்தான். இந்த ஏற்பாட்டை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டேனா என்று கேட்டால், பெரும்பாலும் ஏற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல முடியும்.

காட்டரிசி முற்றித் தலை சாய்ந்து நின்றது. அம்பிலைச் செடி திட்டுத்திட்டாக அடர்ந்திருந்தது. 1930களில் கப்பல் போக்குவரத்துக்காக அணைகள் கட்டிய பிறகு கோடையிலும் நீர் வற்றாமல் நின்றதனால் இச்செடிகள் பல இடங்களில் அழிந்துபோயின. 2001, 2002 கோடைகளில் எட்டாம் அணைக்கு மேலுள்ள நீரை ஒன்றரை அடி இறக்கிச் சேற்றை வெயில் காண விட்டார்கள். புதைந்து கிடந்த விதைகள் முளைத்தெழுந்தன. குளம் வற்றிக் காய்ந்தால்தான் அடுத்த பருவத்துக்கு வளம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

தேங்கிய ஒரு மூலையில் பச்சை வண்ணத்தைக் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது. நாய் அதைக் குடித்தாலும், நனைந்த மயிரை நக்கினாலும், சில மணி நேரத்துக்குள் உயிர் போகக்கூடும். அந்த மூலையைக் கைவிட்டோம், அங்கே கிளுவைகள் எழுபது எண்பது மேய்ந்துகொண்டிருந்தபோதிலும்.

ஆகஸ்ட் 31, சனி

துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருப்பதைச் சரிபார்த்தேன். எஃகு ரவைத் தோட்டா ஒரு பெட்டி. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் நாடெங்கும் தடை. மார்புவரை வரும் ரப்பர்க் கால்சட்டையில் ஓட்டை இருக்கிறது. அதற்கு இங்கே 'வேடர்ஸ்' என்று பெயர். மூன்று ஆண்டுகளாகியும் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஓட்டையை அடைத்தேன். பென்னுக்காக நான்கு லிட்டர் நல்ல தண்ணீர்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மூன்றரை மணிக்கு எழுந்து ஐந்து மணிக்கு நீரில் இருந்தோம். பதினைந்து பார்ஜ்களை (சரக்கு மிதவைகளை) தள்ளிக்கொண்டு ஒரு இழுவைப் படகு நடு ஆற்றில் போனது. அதன் அலை அடங்கும்வரை தீவோரமாக ஒதுங்கி நின்றோம். பிறகு காட்டரிசியின் விளிம்பில் பன்னிரண்டு பொய் வாத்துகளை மிதக்கவிட்டோம். பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிப்பதற்குப் பழந்தமிழில் 'பார்வை' என்ற சொல் உண்டு. அந்தப் பார்வை உயிருள்ளது, காலில் கயிறு கட்டியது. எங்களுடையது பிளாஸ்டிக், கயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

கிளுவைப் பருவத்தில் சூரியன் உதிக்கும்வரை சுடக் கூடாது. உதயத்துக்கு முந்தைய அரை மணி நேரம்தான் வேட்டைக்காரனுக்குப் பெரிய சோதனை. மூடுபனிக்குள்ளிருந்து மர வாத்துகள் இரண்டும் மூன்றுமாகக் கீச்சிட்டுக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறங்கின. அவற்றைச் சுட்டால் குற்றம். ஒருகாலத்தில் அருகிப்போய் 1918 முதல் 1941 வரை வேட்டைக்கே தடை செய்யப்பட்டிருந்த பறவை அது; இன்று நான் இருட்டில் எண்ணியவையே நாற்பதுக்கு மேல். செப்டம்பரில் ஆண் பறவைகளும் மங்கிய பழுப்பு உடையில் இருப்பதனால், நிறத்தை நம்ப முடியாது. உருவச் சிறுமை, திடீர்த் திருப்பங்கள், தோளில் பளிச்சிடும் வெளிர் நீலப் பட்டை ஆகியவற்றைக் கொண்டுதான் கிளுவையைத் தீர்மானிக்க வேண்டும். வேடந்தாங்கலில் நீலச்சிறகி என்று நாங்கள் காட்டி மகிழ்ந்த பறவை வேறு. ஆனால் திரும்பும்போது தெரியும் அந்தத் தோள், நெருங்கிய உறவினரின் சாயலைப் போல என்னைத் திடுக்கிட வைக்கிறது.

ஆறரை மணிக்குப் பிறகு ஐந்து கிளுவைகள் நீரை ஒட்டியபடி வந்தன. பெரியவர் ஒன்றை வீழ்த்தினார். நான் இரண்டு தோட்டாக்களைக் காற்றுக்குக் கொடுத்தேன். வெடி கேட்டதும் பென் கட்டளைக்குக் காத்திராமல் பாய்ந்தான். நீந்தும்போது அவன் அழகன். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நீர் நாய்களிடமிருந்து வந்த விரலிடைத் தோலும் சுக்கான்போன்ற வாலும் அப்போதுதான் தம் பயனைக் காட்டுகின்றன. அந்த அழகோடு நீந்திப் போய், இறந்த பறவையைக் கடந்து, பொய் வாத்து ஒன்றைக் கவ்விக்கொண்டு, அதன் கயிற்றில் இன்னும் இரண்டைச் சிக்கவைத்து இழுத்தபடி, வால் ஆட்டிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தான். பெரியவர் சிரிக்கவில்லை. "மாலியும் முதல் நாளில் இதைத்தான் செய்தாள், ஆனால் ஒன்றை மட்டும்" என்றார். பிறகு மாலி படகிலிருந்து மெதுவாக இறங்கி, இறகு கலையாமல் அந்தக் கிளுவையை எடுத்து வந்தாள்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது; கொசுக்கள் அதற்கு முன்பே ஏறிவிட்டன. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆறு என்ற உச்ச வரம்பில் நான் இரண்டோடு திரும்பினேன். இரண்டாவதை பென் சரியாகவே கொண்டு வந்தான், கரையேறியதும் கீழே போட்டுவிட்டு உடம்பை உதறிய குறை நீங்கலாக.

செப்டம்பர் 2, திங்கள்

வீடு சேரும்வரை ஓர் இறக்கையை இறகோடு விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி பார்த்தால் இனம் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் முழுவதும் உரித்தேன். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுவல். ஒரு கிளுவை ஒருவருக்கே போதாது. மகள் பல்லில் கடிபட்ட ரவையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இதுவாப்பா அதைக் கொன்னது?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் மறுபடியும் சாப்பிடத் தொடங்கினாள். என் மனைவி தயிர்ச்சோற்றோடு எழுந்துவிட்டாள்.

செப்டம்பர் 7, சனி

வடக்கிலிருந்து காற்று வீசியது. புதிய கூட்டங்கள் வந்திருந்தன. எட்டு மணிக்குள் என் கையில் ஐந்து. பென் எழும்பாமல் உட்கார்ந்திருந்தான். ஐந்தையும் நான் அனுப்பிய பிறகே சென்று எடுத்தான். நான் கொஞ்சம் கர்வப்பட்டிருக்க வேண்டும்.

ஆறாவது, பின்னாலிருந்து தலைக்கு மேலாக வந்தது. நான் விட்டிருக்கலாம். சுட்டேன், ஒரு சிறகு தொங்க, ஐம்பது மீட்டருக்கு அப்பால் காட்டரிசிக்குள் சரிந்து விழுந்தது. பென் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். காணாத பறவையைத் தேட அவனை அனுப்பினேன். அவன் முந்தைய பறவை விழுந்த இடத்துக்கே போனான். விசிலுக்கு இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், மூன்றாம் முறை பார்க்கவில்லை. காயம்பட்ட கிளுவை நீருக்குள் மூழ்கித் தண்டுகளைப் பற்றிக்கொண்டு, அலகின் நுனியை மட்டும் வெளியே வைத்துக் கிடக்கும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது, மூக்கு வேண்டும். பெரியவர் வாய் திறக்காமல் மாலியை இறக்கினார். இரண்டு நாய்களும், மார்பளவு நீரில் நாங்கள் இருவரும், ஒன்றேகால் மணி நேரம் தேடினோம். மாலி ஓரிடத்தில் நின்று சுற்றிச் சுற்றி மோந்தாள். பிறகு அந்த வாசனையும் ஓடும் நீரில் போய்விட்டது. அவளைத் தூக்கித்தான் படகில் ஏற்ற வேண்டியிருந்தது.

இயன்றவரை தேட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தொலைந்த பறவையையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது பெரியவர் தம் படகுக்கு வகுத்த விதி. துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் கிளுவைகள் எங்கள் பார்வைகளுக்கு நடுவே வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. பென் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

நாயின் தவறு என்று எழுதப் போனேன், அடித்துவிட்டேன். சுடக் கூடாத கோணத்தில் சுட்டது நாயன்று.

செப்டம்பர் 9, திங்கள்

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. கடைசிக் காலை. கிளுவைகளை ஒன்றுகூடக் காணவில்லை. இரவில் காற்றோடு கிளம்பியிருக்கும். மர வாத்துகள் வந்தன, போயின. பென் இரண்டு மணி நேரம் கல்லைப் போல் உட்கார்ந்திருந்தான். மாலியைப் பெரியவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். படகின் முன்புறம் காலியாக இருந்தது, பென்கூட அங்கே போய் உட்காரவில்லை.

பார்வைகளைச் சுருட்டும்போது ஒன்று மட்டும் சாய்ந்து மிதந்தது. பென்னின் பல் பதிந்த நான்கு துளைகளின் வழியாக உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. பையில் போடுவதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக் கொட்டினேன். தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார் பெரியவர். துளைகளைப் பசையால் அடைத்து, மாதக் கடைசிக்குள் காய வைத்துவிடலாம் என்றேன்.