மயில் கழுத்து நிறத்தில் ஒரு பெட்டி

போன தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய டிராலி பெட்டி, எழும்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போதே ஒரு சக்கரத்தை உதிர்த்துவிட்டது. ஆட்டோ வரை அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வந்தேன். மயில் கழுத்து நிறம் என்பதற்காகவே வாங்கியது, வேறென்ன சொல்ல!

இந்த முறை தி.நகரில் கடைப் பையனைப் படுத்தி எடுத்துவிட்டேன். கைப்பிடியை முழுசாக இழுத்து ஆட்டினேன், லொடலொடவென்றால் வேண்டாம். அப்புறம் மூடியை உள்ளங்கையால் அழுத்தினேன். பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்ப எழும்பும். ஏபிஎஸ் என்கிற இன்னொரு வகை பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும், பலமாக இடித்தால் விரிசல் விடும். ஜிப்பை மூலைகளில் நாலு தடவை ஓட்டிப் பாருங்கள், சிக்கிக்கொள்வது அங்கேதான். நாலு சக்கரம் ஏர்போர்ட் தரைக்கு அருமை. நம் ஊர் நடைபாதைக்கு இரண்டு பெரிய சக்கரமே மேல். ரயில் ஆடும்போது தானாக உருண்டும் போகாது.

விமானத்தில் கையோடு எடுத்துப் போவதென்றால், இண்டிகோவில் 7 கிலோ, 55 × 35 × 25 செ.மீ. சக்கரத்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். அதனால் இஞ்ச் டேப்போடு போனேன், பையன் சிரித்தான். சிரிக்கட்டும். காலிப் பெட்டியே 3 கிலோ இருந்தால் புடவைகளை எங்கே வைப்பது?

சரி, கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று அமைந்தது. பழைய மயில் கழுத்துப் பெட்டி பரணில் இருக்கிறது, கொலு பொம்மைகளோடு.