எதிர்க்காற்று

வேனுக்கு வெளியே கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் உடனே அணைந்துவிடுகிறது. மிளகாய்த்தூள் தடவிய சால்மன் துண்டுகள் தட்டிலேயே காத்திருக்கின்றன.

பக்கத்து வேன் பாட்டி ஆற்றிலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வந்தார். எழுபது வயதாவது இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. பாய்மரம் கட்டி நீரில் சறுக்கும் தன் விண்ட்சர்ஃபிங் பலகையைச் சக்கரத்தில் சாய்த்து நிறுத்தினார். அதன் மறைவில் தீ நிமிர்ந்து நின்றது.

"இந்தக் காற்றுக்காகத்தானே வந்தோம், திட்டாதே" என்றார்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து ஹூட் ரிவர் ஊரில் கோடைக்காற்று அப்படித்தான். கிழக்கே வறண்ட நிலம் சூடேற, பசிபிக்கின் குளிர்காற்று கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வருகிறது. ஆறோ மேற்கே ஓடுகிறது. இரண்டும் மோதுவதால்தான் ஆற்றில் கடல் போல அலை எழும்புகிறது. பாய்மரம் பிடித்து விளையாட வருகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் இந்த அகன்ற நீர்ப்பரப்பு 1938இல் கட்டி முடித்த பான்வில் அணை தேக்கியது. ஆற்றின் மேற்போக்கில் டேல்ஸ் அணை 1957இல் செலைலோ அருவியையே மூழ்கடித்தது. பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சால்மன் பிடித்த இடம் அது. நாங்கள் சறுக்கி விளையாடும் ஆற்றின் அடியில் அவர்களுடைய மீன்பிடித் துறைகள் கிடக்கின்றன.

அமெரிக்க அரசுடன் செய்த 1855 ஒப்பந்தங்களில் தக்கவைத்துக்கொண்ட உரிமையோடு அவர்கள் இன்றும் மீன் பிடிக்கிறார்கள். என் தட்டில் இருந்ததும் கேஸ்கேட் லாக்ஸ் ஊர்ப் பாலத்தருகே அவர்களிடம் வாங்கியதுதான்.

மீன் வாங்கப் போகிறவர்கள் ரொக்கமும் பனிக்கட்டிப் பெட்டியும் எடுத்துச் செல்லுங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.