அக்கா மகனை வெளியே உட்கார வைத்த வாரம்

மே 4

ஞாயிற்றுக்கிழமை பொழியூர்க்காரர்களோடு கால்பந்து ஆட்டம். தோற்றால் வெளியே. நீரோடி அணிக்குப் பதினோரு பேரை எழுதித் தரும் வேலை இந்த முறையும் என் தலையில்தான். பத்துப் பேர் ஆயிற்று. கடைசி இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் என் அக்கா மகன்; பந்து காலுக்கு வந்தால் மூன்று பேரைச் சுற்றிவிட்டுத்தான் விடுவான். இன்னொருவன் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுக்கிற பையன். வித்தை ஒன்றும் கிடையாது, ஓட்டம் மட்டும் நிற்காது.

மே 5

டீக்கடையில் இதே பேச்சு. கெட்டிக்காரர்களை எல்லாம் இறக்கிவிட்டால் போதும் என்றார் ஒரு அண்ணன். 2004 யூரோ கோப்பையில் இங்கிலாந்து அதைத்தானே செய்தது? ஜெரார்டும் லாம்பார்டும் நடுவில் நிற்க, அதே நடுக்கள ஆளான ஸ்கோல்ஸை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். காலிறுதியோடு சரி. அப்புறம் 29 வயதிலேயே நாட்டணி வேண்டாம் என்று போய்விட்டார் ஸ்கோல்ஸ்.

2018இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது முன்னால் நின்ற ஜிரூ ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இடது ஓரத்தில் மத்துயிதி. பிறவியிலேயே நடுக்கள ஆள். அவர் பின்னுக்கு ஓடி வந்து அடைத்ததால்தான் எம்பாப்பே வலது பக்கம் கவலையில்லாமல் நின்றார்.

“அப்போ மெஸ்ஸி?” என்றார் அண்ணன். நல்ல கேள்வி. 2022இல் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றபோது மெஸ்ஸி நடந்தார், டி பாலும் மாக் அலிஸ்டரும் அவருக்கும் சேர்த்து ஓடினார்கள். நடக்கிறவர் ஒருவர் என்றால் தாங்கும். எங்கள் அணியில் ஏற்கெனவே ஒருவன் நடந்துகொண்டிருக்கிறான்.

மே 7

மருமகனிடம் சொல்லிவிட்டேன். “மாமா, நான் பந்தை விடவே மாட்டேனே” என்றான். உண்மைதான். மற்றவன் விட்டால் இடுப்பில் கை வைத்து நிற்பான், அதுதான் சங்கடம். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

அக்கா வீட்டிலிருந்து வழக்கமாக வரும் மீன் குழம்புத் தூக்கு இன்று வரவில்லை.

மே 10

0-0. பொழியூர்க்காரர்களுக்கு நடுவில் வழியே கிடைக்கவில்லை. எங்களுக்குத்தான் கோலும் கிடைக்கவில்லை. 70ஆவது நிமிடத்தில் மருமகனை இறக்கினேன். கரமடிப் பையனை எடுக்கவில்லை, நடக்கிறவனை எடுத்தேன். வந்த வேகத்தில் ஒன்று அடித்தான், கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

பெனால்டியில் தோற்றோம். வானத்துக்கு அடித்தவன் கரமடிப் பையன்.

இரவு தூக்கு வந்துவிட்டது, சாளைப் புளிமுளம். நாளை அதைக் கழுவிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். யாராவது பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.