சிவப்பு வரிசையில் ஓர் ஈராசிரியர் பள்ளி

"அடுத்த பருவத்துல எல்லாப் பிள்ளைங்களையும் மலர்னே போட்டுடட்டுமா சார்?" என்று ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை என்னிடம் கேட்டார். மலர் என்பது மதிப்பீட்டில் பிள்ளைகளைப் பிரிக்கும் மூன்று நிலைகளில் மேல் நிலை. விடை தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "உள்ளதையே போடுங்க டீச்சர். அதுதான் உங்களுக்கு நல்லது" என்றேன். இந்தப் பதிலின் முதல் பாதியை இன்றும் யார் முன்னிலையிலும் தயங்காமல் திரும்பச் சொல்வேன். இரண்டாம் பாதியைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்று அந்தப் பள்ளி இருக்கும் சாலையில் வண்டி திரும்பும்போதெல்லாம் யோசிக்கிறேன். அவருக்கு எது நல்லது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நான் ஒருபோதும் இருந்ததில்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்க்க வருகிறவர்களில் வட்டாரக் கல்வி அலுவலர் நிர்வாகி. ஊதியப் பட்டியல், விடுப்பு, மாற்றுப்பணி, குறிப்பாணை ஆகிய எல்லாம் அவர் அலுவலகத்தில்தான் நடக்கும். 2018க்கு முன் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று அந்தப் பதவிக்குப் பெயர் இருந்த காலத்தில், ஆண்டாய்வுக்கு நாள் குறித்தால் பள்ளிகள் பதிவேடுகளுக்குப் புது அட்டை போட்டுக் காத்திருக்கும். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்களாகிய எங்கள் வேலை அதுவல்ல. அனைவருக்கும் கல்வி இயக்கம் உருவாக்கிய பணியிடம் இது. பயிற்சி கொடுப்பது, வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது, தேவையானால் பாடம் நடத்திக் காட்டுவது, ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்பது ஆகியவையே எங்களுக்குச் சொல்லப்பட்டவை. எங்களால் யாருக்கும் விடுப்பு தரவும் முடியாது, விளக்கம் கேட்கவும் முடியாது. அதனாலேயே ஆசிரியர்கள் எங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நான் நம்பினேன். பல காலம் பேசவும் செய்தார்கள்.

2007-08இல், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது, எந்தக் குழந்தை கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கு வகுப்பிலேயே ஓர் அட்டவணை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நானும் ஆசிரியரும் பேசுவோம், பிறகு நான் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவேன். அந்த அட்டவணையிலும் நடக்காத படிகளை நடந்ததாகக் குறித்தவர்கள் உண்டு, அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் இருந்த விவரம் பெரும்பாலும் அந்த அறையோடு நின்றது. கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் தொடங்கியபோது நிலைமை வேறாகிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்காக 2021 நவம்பரில்தான் திறந்தன. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் முதல் வகுப்பையே பார்த்ததில்லை. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அது தேவையான இலக்கு என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்து, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும்போது, ஆசிரியர் கையில் இருக்கும் விவரம் சில மணி நேரத்தில் மாநிலம் வரைக்கும் போய்விடுகிறது. நாங்கள் வகுப்பை உற்றுநோக்கிப் பதிவதும் செயலியில்தான். நிர்வாகி பார்க்கும் திரையும் நாங்கள் நிரப்பும் திரையும் கடைசியில் ஒரே மீளாய்வுக் கூட்டத்தில் ஒன்றாக விரிகின்றன.

அந்தப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள்தான், ஆகவே எண்ணிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனார். 2021 ஜூலை முதல் அந்த விடுப்பு 12 மாதம், அதுவும் நியாயமானதே. அந்த 12 மாதமும் ஐந்து வகுப்புகளையும் ஒருவர் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் எந்த விதியிலும் எழுதப்படாமல் நடப்பது. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பினார்கள். சில வாரங்களில் அந்தப் பள்ளியிலேயே ஆள் குறையவும் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

நான் போயிருந்த நாளில் தலைமையாசிரியை மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தார். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னதும் ஒரு சிறுமி நோட்டில் 35 என்று எழுதினாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள், அதாவது ஏழிலிருந்து இரண்டை. கணிதப் பட்டதாரியான எனக்கு அந்தத் தவறின் பெயர் தெரியும். தலைமையாசிரியைக்கு அதற்கு மேலும் தெரிந்திருந்தது. "குச்சியக் குடுத்தா செஞ்சிருவா சார். கட்டப் பிரிக்கத்தான் தயங்குறா. பிரிச்சா கணக்குல கொறஞ்சு போயிரும்னு நெனைக்கிறா" என்றார். குச்சிகளைக் கொடுத்தபோது அந்தச் சிறுமி ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றி, பத்தையும் உதிரிகளோடு சேர்த்து, ஒவ்வொன்றாக எண்ணி ஒதுக்கி, 25 என்றாள். நோட்டில் இருந்த 35ஐ அழிக்கவில்லை. இரண்டு விடைகளும் அவளுக்குத் தனித்தனியே சரியாக இருந்தன.

இப்படிப்பட்ட ஒரு குழந்தையை எந்த நிலையில் வைப்பது? மதிப்பீட்டில் கேள்வி கைப்பேசித் திரையில் வரும், விடையைத் தொட வேண்டும். அவள் 35ஐத்தான் தொடுவாள், தொட்டாள். தலைமையாசிரியை அதை அப்படியே விட்டுவிட்டார். பிடித்திருக்கும் கைப்பேசி ஆசிரியருடையது, தொடும் விரல் யாருடையது என்று பார்க்க அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அந்த வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் அரும்பிலேயே நின்றதற்கு அவர் நடத்தாதது காரணமில்லை, ஒவ்வொரு விரலையும் அவர் தடுக்காமல் விட்டதே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நானும் அன்று உற்றுநோக்கல் படிவத்தில் கண்டதையே பதிந்தேன். ஆசிரியர் கையேட்டில் அந்த நாளுக்குரிய செயல்பாடு நடந்ததா என்றால் இல்லை. நிலைவாரிக் குழுக்களாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களா என்றால் இல்லை, ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது உட்கார வைக்கவும் முடியாது. ஈர்க்குச்சிக் கட்டைப் பற்றிக் குறிப்புப் பகுதியில் எழுதினேன். நான் பார்த்த எந்தக் கூட்டத்திலும் குறிப்புப் பகுதி திரையில் வந்ததில்லை.

மீளாய்வுக் கூட்டத்தில் பள்ளிகளை வரிசைப்படுத்தி நிறம் தீட்டிய பட்டியல் வந்தது. அந்தப் பள்ளி கடைசியில் சிவப்பில் இருந்தது. அதே சாலையில் இருக்கும் வேறு சில பள்ளிகள் பச்சையில் இருந்தன. அவற்றில் சிலவற்றின் மூன்றாம் வகுப்புகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே அந்தப் பச்சையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஆசிரியர்கள் மேல் குற்றம் சாட்டுவதாகத்தான் முடிந்திருக்கும், சிவப்பிலிருந்த பள்ளிக்கு அதனால் ஓர் ஆசிரியர் வந்திருக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, விடுப்பில் இருப்பவருக்கு மாற்றாள் வேண்டும் என்று அந்தப் பட்டியலையே காட்டிக் கேட்டேன். "குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள். பின்தங்கிய பள்ளிகளைக் கூடுதலாகப் பார்வையிட வேண்டும் என்றும், அடைவு குறைந்ததற்குத் தலைமையாசிரியர்களிடம் விளக்கம் பெற வேண்டும் என்றும் முடிவாயிற்று. குறிப்பாணை அடுத்த சில நாட்களில் போய்விட்டது. மாற்றாள் போகவில்லை.

கூடுதல் பார்வை என்பது அந்தப் பள்ளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கூட்டத்தில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வருகிறவருக்கு நாற்காலி போட்டு, பதிவேடுகளை எடுத்துக் கொடுத்து, கேட்பதற்குப் பதில் சொல்லி, பார்வைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் வரையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கூடவே காலை உணவு, சத்துணவு ஆகியவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளதை உள்ளபடி பதிந்த ஒரே காரணத்தால், இருந்த கொஞ்ச நேரமும் அவர் கையைவிட்டுப் போனது. அதற்குப் பின் நான் போனபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குறிப்பாணைக்கு எழுதிய பதிலின் நகலை என்னிடம் காட்டினார். ஒரு பக்கம்தான். ஆசிரியர் எண்ணிக்கை, விடுப்பு விவரம், எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்ற பட்டியல், அவ்வளவே. அதில் குறைகூறும் ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்த பின்னும் நான் "உங்களுக்கு நல்லது" என்றேன்.

என் பக்கத்தில் சொல்ல இருப்பதையும் சொல்ல வேண்டும். எண்களே இல்லாதிருந்தால் அப்படி ஒரு பள்ளியில் ஒருவர் தனியாக நிற்கிறார் என்பது வட்டாரத்துக்கு வெளியே யாருக்கும் தெரிந்திராது. மலர் என்று பொய்யாகப் பதிந்தால் முதலில் இழப்பது அந்தச் சிறுமிதான். அவளுக்கு அடுத்த நிலைப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, பிரிக்கப்படாத கட்டை நான்காம் வகுப்புக்கு அனுப்பி வைப்போம். பொய்யான பச்சையை வைத்து யாரும் ஆசிரியர் பணியிடம் கேட்க முடியாது. ஆகவே உள்ளதைப் போடச் சொன்னது சரி. இதை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வருகிறேன். ஆனால் உண்மையான சிவப்பை வைத்துக் கேட்டும் பணியிடம் கிடைக்கவில்லையே என்று உடனே தோன்றுகிறது. அவர் உண்மையைச் சொன்னதன் விலையை அவர் கொடுத்தார். அதனால் பயன் ஏதாவது இருந்தால் அது எங்கள் அறிக்கையின் நம்பகத்தன்மைக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. நான் தேர்வெழுதி நேரடியாகப் பயிற்றுநர் பணிக்கு வந்தவன். முதல் வகுப்புக்கு ஆசிரியராக ஒரு முழு ஆண்டு நின்றதில்லை. இது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எங்களைப் பற்றி எப்போதும் சொல்வதுதான், அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின் அந்தப் பள்ளிக்குப் போகும் நாட்களில் நான் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை வெளித் திண்ணைக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினேன். அந்த நேரத்தில் அவர் சின்ன வகுப்புகளோடு மட்டும் உட்கார முடிந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு பள்ளிக்கு நான் உண்மையிலேயே உதவியாக இருந்தேன் என்று சொல்லத்தக்க நேரங்களில் அவையும் அடங்கும். செயலியில் அதைப் பதிய இடமில்லை. உற்றுநோக்கல் முடிக்கப்படாத பள்ளி என்று என் பெயருக்கு நேரே நிலுவை காட்டியது. பிறகு இரண்டையும் செய்யப் பார்த்தேன், இரண்டும் அரைகுறையாக ஆயின.

அடுத்த பருவத்து மதிப்பீட்டில் அந்தப் பள்ளி சிவப்பிலிருந்து மேலே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேல் மொட்டு, சிலர் மலர். கூட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி, தொடர் பார்வையின் விளைவு என்றார்கள். எனக்கும் சேர்த்துப் பாராட்டு கிடைத்தது. பிள்ளைகள் கற்றிருக்கலாம். அந்தத் தலைமையாசிரியையின் உழைப்பை அறிந்தவன் என்ற முறையில் அதுவே நடந்திருக்கும் என்று எண்ணுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. இல்லையென்றால், என்னிடம் கேட்ட கேள்விக்கு அவரே விடை கண்டிருக்கலாம். அப்போதும் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகு அவர் என்னோடு மரியாதையாகவும் அளவாகவும் பேசுகிறார். பதிவேடுகளைக் கேட்கும் முன்பே எடுத்து வைக்கிறார். எந்தப் பிள்ளை எதில் தயங்குகிறது என்று முன்போல் தானாகச் சொல்வதில்லை. விடுப்பில் போனவர் திரும்பிவிட்டதால் வேலை ஒழுங்காகிவிட்டது, சொல்லத் தேவை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பிள்ளைகளைத் தனியே அழைத்து ஈர்க்குச்சியைக் கொடுத்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படி அழைப்பது, உங்கள் சொல்லை நான் நம்பவில்லை என்று அவர் வகுப்பிலேயே அவருக்குச் சொல்வதாகும். அழைக்காமல் விட்டால் அந்தச் சிறுமி கட்டைப் பிரிக்கக் கற்றாளா என்பது தெரியாமலே அவள் நான்காம் வகுப்புக்குப் போய்விடுவாள். இந்த மாதப் பார்வை அட்டவணையில் அந்தப் பள்ளி மறுபடியும் எனக்கு வந்திருக்கிறது. என்ன செய்வதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.