வதிவிடம்: கப்பல்

வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞனாக இருந்தபோது என் வேலையில் பாதி படிவம் நிரப்புவதுதான். வன்னி ஆட்களின் வதிவிடப் பத்தியை நிரப்புவது லேசான காரியமல்ல. ஒரே குடும்பத்துக்கு மல்லாவி, தருமபுரம், விசுவமடு, கடைசியில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் என்று எழுதி, இடம் போதாமல் தனித்தாள் ஒட்டியிருக்கிறேன்.

ஒருநாள் வந்த ஐயா 1987க்கு எதிரே “கப்பல்” என்றார்.

“கப்பலில் வேலை பார்த்தீர்களா?”

“இல்லை தம்பி, மறியல்.”

அந்த வருடம் தஞ்சம் கேட்டுப் போனவர்களை, அதில் பலர் எங்கள் ஆட்கள், பிரித்தானியா ஹாரிச் துறைமுகத்தில் நின்ற ‘ஏர்ள் வில்லியம்’ என்ற பழைய பயணக் கப்பலில் தடுத்து வைத்தது. நான் ‘ஹாரிச்’ என்று எழுதப் போனேன். ஐயா பேனையைப் பிடித்துக்கொண்டார். “ஊருக்குள் எங்களை இறக்கவேயில்லையே, தம்பி.” ஒக்டோபர் 16 அன்று பெரும் புயல் கட்டுக்கயிறுகளை அறுத்துக் கப்பலைக் கரைதட்ட வைத்தது. விடுதலை அதற்குப் பிறகுதான். “காற்றுத்தான் எங்களுக்குச் சட்டத்தரணி” என்று சிரித்தார். என் முதலாளி சிரிக்கவில்லை.

அன்று மாலை தேடி வாசித்தேன். அமெரிக்க விடுதலைப் போரால் பிரித்தானியக் குற்றவாளிகளை அங்கே நாடுகடத்த முடியாமல் போகவே, 1776இல் அவர்களைத் தேம்ஸ் ஆற்றுப் பழங்கப்பல்களில் அடைக்கச் சட்டம் செய்தார்கள். இரண்டே வருடத்துக்கு என்றுதான் செய்தார்கள். 1857 வரை இழுத்தது. தற்காலிகம் என்ற சொல்லின் ஆயுள், தகரக் கொட்டிலில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை, 22ஆம் உறுப்புரை: போர்க்கைதிகளைத் தரையிலுள்ள இடங்களில் மட்டுமே தடுத்து வைக்கலாம். புதையல் கண்டவன்போல் முதலாளியிடம் ஓடினேன். “அவர் போர்க்கைதி இல்லையே” என்றார். துவக்கோடு பிடிபட்டவனுக்குத் தரை உறுதி. துவக்குக்குப் பயந்து ஓடியவனுக்கு அந்த உறுப்புரையில் இடமில்லை.

2014இல் 157 தமிழர்களை அவுஸ்திரேலியா கடலில் மறித்து, சுங்கக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தது. மறுவருடம் அந்நாட்டு உயர் நீதிமன்றம், 4க்கு 3 என்ற கணக்கில், அது சட்டவிரோதமல்ல என்றது. தோற்ற மூவரின் பக்கங்களைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன்.

ஐயாவின் படிவத்தில் அவர் சொன்னபடியே ‘கப்பல்’ என்று எழுதி அனுப்பினோம். இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. 1987க்கு எதிரே சிவப்பு மையில் வீட்டு இலக்கம் கேட்டிருந்தார்கள்.