ராக் மேடையிலிருந்து ஞானஸ்நானம் வரை

ராக் வாசித்தவன் கிறிஸ்துவிடம் வந்தான் என்றால் எல்லோரும் ஒரே ஒரு ராத்திரியின் கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். போதை, வீழ்ச்சி, திடீரென ஒரு வெளிச்சம். எனக்கு அப்படி ஒரு ராத்திரி கிடையாது. சண்டை போட்டுத்தான் வந்தேன்.

இதில் எனக்குத் தைரியம் தந்தவர் கன்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கெர்ரி லிவ்கிரென். 1977இல் வந்த 'டஸ்ட் இன் த விண்ட்' அவர் எழுதியது, அதை வாசித்துத்தான் என் விரல்கள் பழகின. பல மதங்களிலும் தேடிவிட்டு வானுலக ஜீவிகள் வெளிப்படுத்தியதாகச் சொல்லப்படும் யுரான்ஷியா புத்தகத்தை நம்பிக்கொண்டிருந்தவர், 1979 சுற்றுப்பயணத்தில் கன்சாஸ் மேடையேறுவதற்கு முன் வாசிக்க வந்த லெ ரூ குழுவின் ஜெஃப் பொலார்டோடு இயேசு யார் என்று வாதாடி வாதாடி, அந்த ஆண்டே விசுவாசத்துக்கு வந்தார். வாதம் பண்ணுகிறவனுக்கும் வழி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

என்னோடு வாதாடியவர் எங்கள் டிரம்மர். முதலில் மாற்கு சுவிசேஷத்தை வாசி, 16 அதிகாரம்தான், அப்புறம் பேசலாம் என்றார். அற்புதங்களை எல்லாம் சந்தேகத்தோடு தாண்டி வந்தேன், ஆனால் சிலுவையில் அந்தக் கதறல், 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்', அதைத் தாண்ட முடியவில்லை. வலியைக் கத்திப் பாடுவதுதானே எங்கள் வேலை, கடவுளின் குமாரனே அப்படிக் கதறுவார் என்று நான் நினைத்ததே இல்லை. அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்று டிரம்மர் காட்டினார். எடுத்துப் பார்த்தால் தலைப்பில் 'இராகத்தலைவனுக்கு' என்று இருக்கிறது. சாகும்போது அவர் வாயில் வந்தது ஒரு பாட்டு! பல நாள் அந்தப் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. ஜெபம் என்று ஒன்றை முதன்முதலாகச் செய்ததும் அந்த வரியைச் சொல்லித்தான்.

அப்புறம் வந்தது குழுவை விடுவதா என்ற கேள்வி. லிவ்கிரெனும் பேஸ் வாசித்த டேவ் ஹோப்பும் 1983இல் கன்சாஸை விட்டார்கள், ஹோப் பிறகு ஆங்கிலிக்கன் குருவானவரே ஆனார். கோர்ன் என்ற இன்னொரு ராக் குழுவின் பிரையன் வெல்ச்சோ 2005இல் விலகி 2013இல் திரும்பி வந்தார். இரண்டுமே உண்மையான விசுவாசத்தில் எடுத்த முடிவுகள் என்றே நம்புகிறேன். நான் குழுவில் இருக்கிறேன், மனசாட்சி இடம் கொடுக்காத சில பாட்டுகளை மட்டும் இப்போது வாசிப்பதில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன் சாட்சி சொல்லும்போது பழைய வாழ்க்கையைப் பெரிதாக்காமல் மாற்குவையும் அந்தச் சங்கீதத்தையும் பற்றியே பேசினேன். சபையில் சிலருக்கு எலக்ட்ரிக் கிட்டார் இன்னும் உறுத்துகிறது, அதைப் பற்றிப் போதகரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.