எஸ்டிமேட்டில் ‘பெரிய சிலை – 1 எண்’

போன மாதம் ஒரு எஸ்டிமேட் என் மேஜைக்கு வந்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சந்தையை இடித்துவிட்டு, கடைகள், வண்டி நிறுத்துமிடம், நடைபாதை என்று புதிதாகக் கட்டப்போகிறார்கள்; வரைபட வேலையில் ஒரு பங்கு எனக்கு. வடிகாலுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம், டைல்ஸுக்கு நிறம் வரைக்கும் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், செடித்தொட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் நடுவே, ‘பெரிய சிலை – 1 எண்’. என்ன சிலை, எதில் செய்வது, யார் செய்வது, ஒன்றும் கிடையாது.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி எழுத எப்படித்தான் மனசு வருகிறதோ. கடலுக்குள் நிற்கிற வள்ளுவர் 133 அடி என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. யாரோ கட்டி முடித்த பீடத்தில் கணபதி ஸ்தபதி சிலையைக் கொண்டுவந்து வைக்கவில்லை, இரண்டும் ஒரே யோசனை. 1979-ல் அடிக்கல் போட்டு, 1990-ல் வேலை ஆரம்பித்து, 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். நம் சந்தைச் சிலைக்கு ஒதுக்கியிருப்பது கடைசி ஆறு வாரம், பெயின்ட் அடிக்கிற சமயத்தில்.

சரி, தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று கல் சிற்பிகள் ஊரான மயிலாடிக்கு வண்டியை விட்டேன். பட்டறையில் ஒரு அண்ணாச்சி கல்லைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ‘டிங்’ என்று மணி மாதிரி, ஒரு சாண் தள்ளினால் ‘டப்’. சத்தம் செத்த இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டார், உள்ளே விரிசலாம். நான் விஷயத்தைச் சொன்னதும் என்ன சிலை என்றுகூடக் கேட்கவில்லை. “மக்கா, லாரி உள்ள திரும்புமா? கிரேன் எங்க நிக்கும்?”

வரைபடத்தை விரித்தேன். சிலை வருகிற இடத்துக்கு மூன்று பக்கமும் கடை, தலைக்கு மேல் கூரை, அடியில், எஸ்டிமேட்டில் ஒரு முழுப் பக்கம் பிடித்த அந்த வடிகால். அவர் சிரித்துவிட்டார். “அப்ப ஃபைபர்லதான் செய்யணும். உள்ள இருக்கிற கம்பி உப்புக்காத்துல துருப்பிடிச்சு மூக்கு வழியா ஒழுகும், பாத்துக்கிடுங்க.”

பார்த்திருக்கிறேன், ஒரு ஃபைபர் டால்பினுக்கு அப்படி ஒழுகியதை.

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில், பழைய சுரங்கம் இருந்த மேட்டில், ஆண்டனி கோர்ம்லி 1998-ல் நிறுத்திய இரும்புத் தேவதைச் சிலை 200 டன். அதைக் காற்று சாய்க்காமல் பிடித்திருக்க மண்ணுக்குள் 600 டன் கான்கிரீட். இதையெல்லாம் அஸ்திவாரத்துக்கு முன்னால் யோசிக்காமல் பின்னே எப்போது? திறந்த பிறகும் செலவு நிற்பதில்லை. வள்ளுவருக்கே சில வருடத்துக்கு ஒருமுறை காகிதக் கூழ் பூசி உப்பை இழுத்தெடுத்து, மேலே ரசாயனப் பூச்சு அடிக்கிறார்கள்.

அதனால் அந்த வரியை வெட்டிவிட்டு, சிற்பியை முதலில் முடிவு செய்யுங்கள், அவரை வைத்துக்கொண்டே சிலை நிற்கிற இடத்தை வரைகிறேன், பராமரிப்புக்குத் தனித் தொகை வையுங்கள் என்று எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. கிரேனுக்கு வழி விட்டால் இரண்டு கடை குறையுமாம், அந்த வாடகையை யார் தருவது என்று கேட்டிருக்கிறார்கள்.